மைக்கை அணைத்தால் புத்தகம் காலி: பள்ளி நூலகத் தடை பற்றி

பனங்காடு (#1)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே எழுதவில்லை, படிப்பதோடு சரி. நேற்று இரவு எங்கள் கவுன்டி ஸ்கூல் போர்டு (மாவட்டப் பள்ளி வாரியம்) கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். நாங்கள் ஃபுளோரிடா, கவுன்டி பெயர் வேண்டாம். தூக்கம் வரவில்லை, அதனால் இந்த இழை.

பெண் எட்டாவது படிக்கிறாள். போன வருஷம் அவளுடைய இங்கிலீஷ் டீச்சர், வகுப்பில் தான் சேர்த்து வைத்திருந்த புத்தக அலமாரியைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடிவிட்டார். பள்ளிப் புத்தகங்களுக்கு வந்த புதுச் சட்டத்தில் எது மாட்டும், எது மாட்டாது என்று அவருக்கே தெரியவில்லையாம். யாரோ ஒரு பிள்ளை அந்தக் காகிதத்தில் பேனாவால் சின்னச் சதுரம் வரைந்து, நடுவில் கம்பியும் போட்டு, கீழே 'ஜன்னல்' என்று எழுதியிருந்தது. பெண் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு அம்மா ஒரு நாவலைப் பிரித்து நடுவிலிருந்து வாசித்தார். பெரியவர்களுக்கே காது கூசுகிற பகுதி. நாலாவது வரியில் தலைவர் கையை உயர்த்தி மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மா சண்டை போடுவார் என்று பார்த்தால், ஜெயித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்தவர்தான் விளக்கினார். 2023-இல் வந்த ஹெச்பி 1069 சட்டப்படி, ஆட்சேபிக்கப்பட்ட புத்தகத்திலிருந்து கூட்டத்தில் வாசிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பாலியல் விவரணை இருக்கிறது என்று போர்டு அதை நிறுத்தினால், அந்தப் புத்தகத்தையே பள்ளிகளில் நிறுத்திவிட வேண்டும். அதாவது மைக்கை அணைத்தால் புத்தகம் காலி.

அந்த நாவல் 400 பக்கம் இருக்கும். நான் கேட்டது நாலு வரி. தலைவர் கேட்டதும் அதே நாலு வரிதான். நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படித்தான் முடிவு செய்வதா? இங்கே பல மாநிலத்து ஆட்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

மாவிலை (#2)

பனங்காடு அண்ணா, முதலில் அந்தத் 'தடை' என்ற சொல்லை விடுங்கள். தடை என்றால் அச்சடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. இந்தப் புத்தகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன, அமேசானில் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அரசாங்கச் செலவில் எதை வாங்கி அலமாரியில் வைப்பது என்பதுதான் கேள்வி. சினிமாவுக்கு வயசுச் சான்று வைத்தால் அதைத் தடை என்கிறோமா?

நான் டெக்சஸ். எனக்கு இரண்டு பையன்கள். அந்த அம்மா வாசித்ததைக் காது கூசக் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் பெரியவர்கள் கேட்கக் கூடாதது, அடுத்த தெருவில் இருக்கும் பள்ளி நூலகத்தில் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் ஏன் இருக்க வேண்டும்? இதற்கு நேர் பதில் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இங்கே 2025-இல் எஸ்பி 13 வந்தது. பிள்ளை என்ன புத்தகம் எடுக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ளலாம், இதையெல்லாம் என் பிள்ளைக்குத் தராதே என்று பட்டியலும் கொடுக்கலாம். புதிதாக வாங்குவதற்குப் போர்டின் ஒப்புதல் வேண்டும். இதில் என்ன அக்கிரமம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒண்டிக்கட்டை (#3)

தேர்தல் வந்தால் புத்தகம், தேர்தல் போனால் சொத்து வரி. நடுவில் யாரும் படிப்பதில்லை.

பழைய_அலமாரி (#4)

மாவிலையின் கேள்விக்கு நேர் பதில் சொல்கிறேன். நான் அயோவாவில் பள்ளி நூலகத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். இப்போது இலினாயில் இருக்கிறேன்.

கைக்கு எட்டும் உயரத்தில் எதை வைப்பது என்பதுதான் எங்கள் தொழிலே. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு நூலகம், நடுநிலைக்கு ஒன்று, உயர்நிலைக்கு ஒன்று. மதிப்புரை படித்து, வயது பார்த்து, பணத்தை எண்ணி வாங்குகிறோம். பத்து வருஷமாக யாரும் தொடாத புத்தகத்தையும், விஷயம் காலாவதியான புத்தகத்தையும் களையெடுக்கிறோம். புளூட்டோவை ஒன்பதாவது கிரகம் என்று சொன்ன புத்தகங்கள் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. ஆகவே 'புத்தகத்தை எடுப்பதே பாவம்' என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் எடுத்தவள்தான்.

ஆனால் ஒரு முறை இருந்தது. ஆட்சேபம் வந்தால் படிவம். 'புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா?' என்று படிவத்திலேயே கேள்வி இருக்கும். (எங்கள் பள்ளிக்கு வந்த பெரும்பாலானவற்றில் 'இல்லை' என்று கூசாமல் எழுதியிருப்பார்கள்.) அப்புறம் ஒரு குழு முழுப் புத்தகத்தையும் படிக்கும். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். இப்போது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தலைகீழாக்கியிருக்கிறார்கள். பனங்காடு சொன்ன அதே ஹெச்பி 1069-இல், பாலியல் நடத்தை பற்றிய ஆட்சேபம் வந்தால் ஐந்து பள்ளி நாளுக்குள் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும், விசாரணை முடியும்வரை வெளியே வராது. விசாரணைக்கு அவசரம் கிடையாது. புத்தகம் அறைக்குள் கிடக்கும், அதைத் தேடி வந்த பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போய்விடும்.

அயோவாவில் இன்னும் வேடிக்கை. 2023-இல் எஸ்எஃப் 496 என்று ஒரு சட்டம். பாலுறவை விவரிக்கும் புத்தகம் எதுவும் பள்ளி நூலகத்தில் இருக்கக் கூடாது. பட்டியல் தரமாட்டார்கள், நீங்களே கண்டுபிடியுங்கள். பள்ளி திறக்கச் சில வாரம்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான புத்தகங்களை யார் படிப்பது? மேசன் சிட்டி என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் சாட்ஜிபிடியிடம் 'இதில் பாலுறவுக் காட்சி இருக்கிறதா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 19 புத்தகங்களை எடுத்தது. செய்தியில் எல்லாம் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிறுத்தி வைத்தது, 2024 ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. நடுவில் நாங்கள் பெட்டியில் கட்டுவதும் பெட்டியைப் பிரிப்பதுமாக இருந்தோம்.

எங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், என் மேலதிகாரி மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னது இதுதான்: 'சந்தேகம் இருந்தால் எடுத்துவிடு.' எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் கர்ப்பகால உடல்நலப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். அப்படி நின்றதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. எடுத்தேனா வைத்தேனா என்று சொல்லப்போவதில்லை.

மாவிலை (#5)

அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. சட்டத்தை மோசமாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எங்கள் தொழில்' என்று சொன்னீர்களே, அங்கேதான் இடிக்கிறது. டாக்டரிடம் போனால் கூட ஊசி போடும் முன் என்னிடம் கேட்கிறார்கள். நூலகர் நல்லவர், படித்தவர், சரி. அவர் மதிப்பும் என் வீட்டு மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுன்டியில் நடந்ததைப் பாருங்கள். சின்ன வகுப்புகளில் ஒருபாலினத் திருமணம், பாலின அடையாளம் பற்றிய கதைப் புத்தகங்களை வைத்தார்கள். முதலில் விலக்கு கேட்டால் கொடுத்தார்கள், அப்புறம் அதையும் நிறுத்தினார்கள். வழக்குப் போட்டவர்களில் முஸ்லிம் குடும்பமும் உண்டு, கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. இதை 'வெள்ளைக்கார வலதுசாரி வேலை' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. நம்மைப் போல வெளியிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது.

படிக்கட்டு (#6)

மாவிலை, அந்த வழக்கு நூலகத்தைப் பற்றியதே இல்லை. வகுப்பில் ஆசிரியர் வாசித்துக் காட்டுவதைப் பற்றியது. தன் பிள்ளையை வெளியே அனுப்பிவிடும் உரிமைதான் கேட்டார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும் உரிமையைக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் விவாதம் எங்கேயும் போகாது. 2022-இல் டென்னசியில் மெக்மின் கவுன்டி போர்டு 'மாஸ்' என்ற யூதப் படுகொலைச் சித்திரக்கதையை 10-0 என்று தள்ளியதே, அதுவும் எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்துதான். பாடத்திட்டம் எல்லாரும் படித்தாக வேண்டியது. நூலகம், விரும்பினால் எடுப்பது.

பள்ளி நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது ஒரே ஒரு முறை, 1982-இல், பிகோ வழக்கில். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு பள்ளி வாரியம். உறுப்பினர்கள் ஒரு மாநாட்டுக்குப் போய் 'ஆட்சேபகரமான புத்தகங்கள்' என்று யாரோ தயாரித்த பட்டியலோடு வந்தார்கள். ஒரு இரவு இரண்டு பேர் பள்ளிக் காவலாளியைக் கதவு திறக்கச் சொல்லி, நூலக அட்டவணை அட்டைகளில் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கடைசியில் ஒன்பது புத்தகங்களை எடுத்தார்கள். நடுவில் பெற்றோர் நாலு பேர், பள்ளி ஊழியர் நாலு பேர் என்று அவர்களே ஒரு குழு போட்டார்கள். குழு ஐந்து புத்தகங்களைத் திரும்ப வைக்கச் சொன்னது. வாரியம் அதையும் மதிக்கவில்லை. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள்.

கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆபாசம், தரமின்மை என்றால் எடுக்கலாம். ஆனால் அந்தக் கருத்துக்கு ஒன்பது நீதிபதிகளில் ஐந்து வாக்கு சேரவில்லை. ஐந்தாவது நீதிபதி, வழக்கை விசாரணைக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். 2025 மே மாதம் டெக்சஸின் லானோ கவுன்டி வழக்கில் (அது பொது நூலகம்) ஐந்தாவது வட்ட நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம்) 10-7 என்று அந்தப் பழைய கருத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வாசகர் கேள்வி கேட்க முடியாதாம். நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது அரசின் பேச்சு என்றும் அவர்களில் ஏழு பேர் எழுதினார்கள். மாவிலை, உங்கள் மாநிலம் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது. நாளைக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் போர்டைப் பிடித்தால் உங்களுக்குப் பிடித்த புத்தகங்களை எடுப்பார்கள். அப்போதும் 'அரசின் பேச்சு' என்றுதான் சொல்வார்கள்.

ஒண்டிக்கட்டை (#7)

'நாளைக்கு' என்ன, நேற்றே எடுத்தாயிற்று. 2020-இல் கலிஃபோர்னியாவில் பர்பாங்க் பள்ளிகள் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', 'ஹக்கிள்பெரி ஃபின்' உட்பட ஐந்து நாவல்களைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தன. காரணம், இனவெறிச் சொற்கள், கறுப்பினப் பிள்ளைகள் மனம் நோகிறது. (பாடத்திட்டம்தான் ஐயா படிக்கட்டு, அடிக்க வராதீர்கள்.) 2023-இல் யூட்டாவில் ஒருவர் கடுப்பில் 'பைபிளிலும்தான் ஆபாசம் இருக்கிறது' என்று படிவம் கொடுத்தார். டேவிஸ் மாவட்டப் பள்ளிகள் சின்ன வகுப்புகளிலிருந்து பைபிளையே எடுத்தன. ஜூன் முடிவதற்குள் திரும்ப வைத்தார்கள். சட்டம் கொண்டுவந்த கட்சிக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குரும்பை (#8)

நான் கனடா, பீல் பகுதி. யாழ்ப்பாணத்து ஆள். நூலகம் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. 1981, மே 31 இரவு தொடங்கினது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். அடுத்த நாள் எங்கள் வளவுக்குள் கருகின தாள்கள் வந்து விழுந்தன. அம்மம்மா அவற்றைக் கூட்டி அள்ளாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பெட்டிக்குள் வைத்தா. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

எரிப்பதும் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து வைப்பதும் ஒன்றில்லை, அது எனக்கும் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டு யாரும் வரவேண்டாம். ஆனால் வெறும் தட்டைக் கண்டால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். அதுக்கு நான் நியாயம் சொல்லத் தேவையில்லை.

2023-இல் இங்கே அந்த வெறும் தட்டுகளைக் கண்டேன். செய்தது வலதுசாரி இல்லை. பீல் பள்ளிச் சபை 'சமத்துவம்' என்ற பெயரில் நூலகங்களைச் சீர்செய்யச் சொன்னது. முதல் படியாக 2008-லும் அதற்கு முந்தியும் வந்த புத்தகங்களைப் பார்க்க வேண்டும். சில பள்ளிக்கூடங்களில் பழையது என்றாலே தூக்கிவிட்டார்கள் போல. செப்டம்பரில் பிள்ளைகள் திரும்பிப் போனால் பாதித் தட்டு காலி. ஒரு மாணவி தொலைக்காட்சியில் அதைச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. கல்வி அமைச்சர் உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். என்ரை மகளின் பள்ளிக்கூடத்தில் எது போனது எது மிஞ்சினது என்று கேட்டேன். பட்டியல் இல்லை என்றார்கள். போனதற்குக் கணக்கே இல்லை! எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் பொறுக்கவில்லை.

2025-இல் அல்பேர்ட்டாவில் மற்றப் பக்கம். வெளிப்படையான பாலியல் உள்ளதை எடு என்று அமைச்சர் உத்தரவு. எட்மன்டன் பொதுப் பள்ளிச் சபை சொன்னதை அப்படியே செய்து 200-க்கு மேல் புத்தகங்களின் பட்டியல் போட்டது, அதில் மார்கரெட் அட்வுட்டின் நாவலும் இருந்தது. அரசாங்கத்துக்கு வெட்கமாகிப் போய், படங்கள் உள்ளதை மட்டும் எடு என்று உத்தரவை மாற்றினது.

தம்பி பனங்காடு, எந்தக் கட்சி என்று பார்க்காதையுங்கோ. பட்டியல் கேளுங்கோ. எது, எப்ப, யார் சொல்லி. எழுத்தில்.

மாவிலை (#9)

குரும்பை அண்ணைக்கு வணக்கம். உங்கள் பதிவுக்கு எதிராக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

படிக்கட்டுக்கு: உங்கள் ஆட்கள் எப்போதும் நீட்டும் அந்தப் பெரிய எண்ணைப் பற்றிப் பேசலாமா? பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு 2023-24 பள்ளி ஆண்டுக்கு 10,046 தடைகள் என்று அறிவித்தது. தலைப்புச் செய்தி. விசாரணை முடியும்வரை தற்காலிகமாக எடுத்து வைத்ததையும் அவர்கள் தடை என்றே எண்ணுகிறார்கள். ஒரே புத்தகத்தைப் பத்து மாவட்டம் எடுத்தால் பத்து. தனித் தலைப்புகளை எண்ணினால் 4,231. இப்படி எண்ணினால் எதையும் பூதமாக்கலாம்.

படிக்கட்டு (#10)

4,231 சின்ன எண்ணா? அந்தப் பத்தாயிரத்தில் ஃபுளோரிடா 4,500-க்கு மேல், அயோவா 3,600-க்கு மேல். இரண்டே மாநிலம். தற்காலிகம் என்று நீங்கள் சொல்வது எவ்வளவு நாள் தற்காலிகம் என்று பழைய_அலமாரி அக்கா மேலேயே எழுதிவிட்டார்கள். படிக்காமல் பதில் போடுவது உங்கள் அணிக்கே பழக்கம் போல.

ஒரு செய்தித்தாள் 2021-22-இன் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்களை அலசியபோது, பதினொரு பேர்தான் அதில் அறுபது சதவீதத்தைக் கொடுத்திருந்தார்கள். பதினொரு பேர்! பெற்றோர் உரிமையாம். ஃபுளோரிடாவே தாங்க முடியாமல் 2024-இல் ஹெச்பி 1285 கொண்டுவந்து, பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதத்துக்கு ஒரு ஆட்சேபம்தான் கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. வாட்ஸ்அப்பில் வரும் பத்தியை வெட்டி ஒட்டிக் கூட்டத்தில் வாசிக்கிறவர்களுக்கு எல்லாம் தாய்மை என்று பெயர்.

மட்டுறுத்துநர் (#11)

கடைசி வரியையும் 'உங்கள் அணி' பேச்சையும் தவிர்த்திருக்கலாம். எண்களோடு பேசுங்கள், தாய்மையை விடுங்கள். அடுத்தது இப்படி வந்தால் நீக்கிவிடுவேன். புத்தகத் தடை இழையில் பதிவை நீக்கிய புண்ணியம் எனக்கு வேண்டாம்.

சிட்டுக்குருவி (#12)

அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. பிறந்தது வளர்ந்தது நியூ ஜெர்சி. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் என் தோழி ஒரு நாள் ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் செய்தது. அதற்கு என்ன பெயர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. 'கெட்டது' என்று மட்டும் தெரியும். வீட்டு ஃபோனில் தேடினால் அப்பா பார்ப்பார். பள்ளி லேப்டாப்பில் தேடினால் ஆபீசுக்குப் போகும். நூலகத்தில் ஒரு நாவல் இருந்தது, அதே மாதிரி ஒரு பெண்ணைப் பற்றியது. நாங்கள் அதை எடுத்துப் போகவில்லை. எடுத்தால் திருப்பித் தரும் தேதி அம்மா ஈமெயிலுக்குப் போகும். அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மதிய இடைவேளையில் படித்தோம். ஏழு நாள் ஆனது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எட்டாவது நாள் அவள் கவுன்சிலரிடம் போனாள். புத்தகத்தில் அந்தப் பெண் யாரிடம் சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

அந்தப் புத்தகம் இப்போது பல இடங்களில் எடுக்கப்பட்டிருக்கிறது. அதில் அந்த ஒரு காட்சி இருக்கிறது, உண்மை. கூட்டத்தில் வாசித்தால் நிச்சயம் மைக்கை அணைப்பார்கள். மாவிலை ஆன்ட்டி, பிள்ளை என்ன எடுக்கிறது என்று பெற்றோர் பார்க்கலாம் என்றீர்கள். பார்த்திருந்தால் நாங்கள் தரையில் கூட உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒண்டிக்கட்டை (#13)

இதற்கு நான் ஜோக் அடிக்கப் போவதில்லை.

மாவிலை (#14)

சிட்டு, இதை எழுத உனக்கு எவ்வளவு யோசனையாக இருந்திருக்கும் என்று தெரியும். காலையில் படித்தேன், சாயங்காலம்தான் பதில் எழுத முடிகிறது.

நான் மாறிவிட்டேன் என்று சொல்லப் போவதில்லை. பத்து வயசுப் பிள்ளையின் அலமாரி வேறு, பதினாறு வயசுப் பிள்ளையின் அலமாரி வேறு என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நான் மனதில் வைத்துப் பேசிய புத்தகங்கள் வேறு. நீ சொன்ன புத்தகத்தையும் அதே படிவம், அதே ஐந்து நாள், அதே நாலு வரி வெளியே தள்ளிவிடும் என்று நான் யோசித்ததில்லை. சட்டத்தில் 'வதையை விவரிப்பது' என்றும் 'கிளர்ச்சிக்காக எழுதியது' என்றும் இரண்டு கட்டம் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

அந்த மாதிரிப் புத்தகங்களைத் தனி அலமாரியில் வைத்து, பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்தால் என்ன? பழைய_அலமாரி அக்கா சொல்லட்டும்.

பழைய_அலமாரி (#15)

செய்து பார்த்திருக்கிறோம். மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, பூட்டு, சாவி என் கழுத்தில். ஒரு வருஷத்தில் அதிலிருந்து எடுத்துப் போனது இரண்டு பேர். இரண்டு பேருமே ஆசிரியர்கள். எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, 'மிஸ், பூட்டின அலமாரியில் இருந்து அது வேண்டும்' என்று எந்தப் பிள்ளை கேட்கும்? சிட்டுக்குருவியின் தோழி கேட்டிருப்பாளா? கையெழுத்து வாங்க வேண்டிய ஆளே அந்த வீட்டில் பிரச்சினையாக இருந்தால்?

இன்னொன்று, இதை யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. எடுத்த புத்தகத்துக்காவது படிவம் இருக்கிறது. வாங்காமலே விட்டதற்கு ஒன்றும் கிடையாது. அயோவாவில் கடைசி வருஷம் ஆர்டர் பட்டியல் போடும்போது, மதிப்புரையில் 'துணிச்சலான' என்ற சொல்லைப் பார்த்தாலே அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த வருஷம் நான் வாங்கியதெல்லாம் நாய்க்கதை, டிராகன், கூடைப்பந்து. யாரும் ஆட்சேபிக்கவில்லை. எனக்குப் பாராட்டு மடல் கூட வந்தது.

இலினாயில் சட்டம் எதிர்ப்பக்கம். 2024 ஜனவரியிலிருந்து, கட்சி, கொள்கை காரணத்துக்காகப் புத்தகத்தை எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் ஏற்காத நூலகத்துக்கு மாநில மானியம் கிடையாது. நல்லதுதான். ஆனால் கையில் இன்னும் பழைய நடுக்கம் இருக்கிறது. ஆர்டர் பட்டியலில் சில பெயர்களுக்கு நேரே பென்சில் தயங்குகிறது.

பனங்காடு (#16)

இழை ஆரம்பித்துவிட்டு இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். அன்றைக்கு மைக்கை அணைத்ததும் புத்தகம் போய்விட்டது என்று எழுதினேன். தவறு. அந்த அம்மா அதுவரை ஆட்சேபப் படிவமே கொடுக்கவில்லையாம். ஆட்சேபம் பதிவான புத்தகத்துக்குத்தான் அந்த விதி. மறுநாள் காலையில் படிவம் கொடுத்துவிட்டார். ஐந்து நாளுக்குள் எல்லாப் பள்ளியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆக, போன வழி மட்டும்தான் வேறு.

இரண்டாவது, குரும்பை அண்ணன் சொன்னபடி பட்டியல் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். பட்டியல் வந்தது. கூடவே ஒரு வரி: மறுஆய்வுக் குழுவில் பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆள் கிடைக்கவில்லை, வருகிறீர்களா? இத்தனை சத்தம் போடுகிற ஊரில் ஆள் கிடைக்கவில்லை. சரி என்றுவிட்டேன்.

புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதே நாவல். 416 பக்கம். ஆட்சேபித்தவர் குறித்த இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள், மொத்தம் ஏழு. மூன்றாவது தாளுக்கும் நாலாவதுக்கும் நடுவில் தொண்ணூறு பக்கம் இருக்கிறது. அந்தத் தொண்ணூறு பக்கத்தில் பாட்டி ஒருத்தி சாகிறாள், ஒரு கடை திவாலாகிறது, ஒரு பையன் காரோட்டக் கற்றுக்கொள்கிறான். அலுவலகம் முடிந்து வந்து நான் ராத்திரி பதினொரு மணி வரை படிக்கிறேன். கடைசியாக ஒரு நாவலை முழுதாகப் படித்தது எப்போது என்று ஞாபகம் இல்லை. சில இடம் அறுவை. சில இடம் மாவிலை சொன்னது மாதிரி, இது எதற்கு இவ்வளவு விவரமாக என்று எனக்கும் தோன்றியது, குறிப்பாக இரண்டாவது ஒட்டுத்தாள். அதைக் குழுவில் சொல்லத்தான் போகிறேன்.

கூட்டத்தில் அந்த அம்மா வாசித்த நாலு வரி 212-ஆம் பக்கம். ஐந்தாவது ஒட்டுத்தாள். அந்தப் பெண் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கிறாள். அதுதான் அந்த நாலு வரி.

மாவிலை (#17)

அண்ணா, அப்படியானால் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள்?

பனங்காடு (#18)

இன்னும் 150 பக்கம் பாக்கி. வியாழக்கிழமை கூட்டம். முடிக்காமல் சொல்ல மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நேற்று ராத்திரி ஹாலில் படித்துக்கொண்டிருந்தேன். பெண் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். கை தானாகப் புத்தகத்தை மடித்து வைத்திருந்த துணிக்கு அடியில் தள்ளிவிட்டது.

மாவிலை (#19)

சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

சிட்டுக்குருவி (#20)

அங்கிள், அவள் பார்த்திருப்பாள்.